எட்டுக்கால் கரிமேடை

தப்பான பெயரோடு நின்றுகொண்டிருப்பது மேலா, சரியான பெயரோடு விழுந்துபோவது மேலா?

அம்பலவாணனிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "எது நிக்கு, எது விழுது, முதல்ல அதைச் சொல்லும்" என்று எதிர்க்கேள்வி போட்டிருப்பார். கேள்வி அவர் மனைவி முத்துமீனாளுடையது. அவளும் அதைத் தேடிப் போகவில்லை. ஒரு வெள்ளை வேட்டியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தது.

அம்பலவாணன் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் வாசுதேவநல்லூர். உத்தியோகம் சங்கரன்கோவிலுக்குக் கொண்டுவந்தது, ஓய்வுக்குப் பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம் என்று வழிப்போக்கர் கேட்டால், "இந்தா பக்கம்தான்" என்று சொல்ல அவருக்கு வராது. "நானூத்தி இருவது மீட்டர், ரெண்டு வளைவு" என்பார். கேட்டவர் முதல் வளைவுக்குள் எண்ணை மறந்திருப்பார். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் மண்டபத்துக்கு வழி போட்டிருந்தால், அது அளவுப்படி இல்லை என்பதைப் பெண்ணைப் பெற்றவரிடமே சொல்லுவார், அதுவும் தாலி கட்டுகிற நேரத்தில். கட்டில் சுவருக்கு இணையாக இல்லை என்று முத்துமீனாளை எழுப்பி நகர்த்தியிருக்கிறார். அவரிடம் நல்ல குணம் என்று சொல்ல ஒன்று உண்டு. பொய் சொல்ல மாட்டார். அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்துவது என்ன பாடு என்பது அவளுக்குத்தான் தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில், சென்னையிலிருந்து வந்த மகள் வித்யாலட்சுமியைக் கூட்டிவர ஸ்டேஷனுக்குப் போனார். பொதிகை எக்ஸ்பிரஸ் ஒன்றேகால் மணி நேரம் தாமதம். ஸ்டேஷனுக்கு வெளியே, தண்டவாளம் பெயர்த்தெடுத்த பழைய மீட்டர் கேஜ் தடத்தின் ஓரமாக ஒரு கல்மேடை நிற்கிறது. ஆள் மார்பு உயரம். நாற்பதடி நீளம். மேலே இரண்டு வரிசையில் எட்டுக் கல்தூண்கள், கூரை கிடையாது. ஊரில் அதற்கு எட்டுக்கால் மண்டபம் என்று பெயர். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருகிற ஜனங்கள் அதன் மேல் தார்ப்பாய் கட்டிப் படுப்பார்கள், சோறு பொங்குவார்கள். மற்ற நாளில் ஆடுகள் படுக்கும். அம்பலவாணன் ஏறி உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்தபோது வேட்டியின் பின்பக்கம் கரேலென்று இருந்தது. முத்துமீனாள் முதலில் சோப்புப் போட்டாள். பிறகு சோடா போட்டாள். போகவில்லை.

"எங்க போயி உக்காந்திய? இது மண்ணு இல்லயே. எண்ணெ கெணக்க இழுவுது."

அம்பலவாணன் வேட்டியை அவள் கையிலிருந்து வாங்கினார். ஜன்னலருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். மகள் ஊரிலிருந்து வந்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்கிறது. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பவும் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். மேடையின் கல் இடுக்கில் சாவியை விட்டுச் சுரண்டி, அதில் வந்ததை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்து வந்தார். அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லி, கரண்டியில் போட்டுக் காட்டினார். அது சிவந்து கனிந்தது.

"நிலக்கரி" என்றார்.

"அந்தக் கரண்டில இனி நான் தாளிக்கணுமா?" என்றாள் முத்துமீனாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தார். மதுரைக்குப் போய்ப் பழைய ரயில் கையேடுகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். ஆறு மாதத்தில் நாலு பக்கம் எழுதி முடித்தார். எழுத்து நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. அநேகமாக ஒவ்வொரு வரியிலும் ஓர் அளவு இருந்தது. ஆனால் விஷயம் இருந்தது.

நீராவி எஞ்சினுக்கு ஆதியில் விறகுதான் தீனி. அதைக் கையால் தூக்கிப் போட்டார்கள். கரி வந்ததும், தரையில் குவித்து, கூடையில் அள்ளி, எஞ்சினுக்குப் பின்னால் கோத்திருக்கும் கரிப்பெட்டிக்குள் ஏணி வைத்து ஏற்றினார்கள். கூடைக்காரர் தலைக்கு மேல் இன்னும் நாலடி தூக்கவேண்டும். அந்த நாலடியை எப்படி இல்லாமலாக்குவது என்பதுதான் அதற்குப் பிறகு வந்த அத்தனை கட்டுமானத்துக்கும் காரணம். முதலில் மேடை கட்டினார்கள். மேடையில் ஏறி நின்றால் தலைக்கூடை கரிப்பெட்டியின் உதட்டுக்குச் சரியாக வரும், தூக்க வேண்டாம், கவிழ்த்தால் போதும். பெரிய ஜங்ஷன்களில் கையால் சுழற்றும் பளுதூக்கிகளை வைத்தார்கள். வெளிநாடுகளில் அதையும் தாண்டி, வானத்துக்குக் கோபுரம் எழுப்பி, கரியை மேலே இழுத்துக்கொண்டுபோய், கீழே எஞ்சின் வந்து நின்றதும் கதவைத் திறந்து கொட்டினார்கள். இங்கே கோபுரம் வரவில்லை. நாலு பக்கத்தில் அளவு எதுவும் இல்லாத வரி ஒன்றே ஒன்று இந்த இடத்தில் இருந்தது: "கூலி மலிவாகக் கிடைக்கும் ஊரில் மனுஷர்தான் யந்திரம்."

தூண்கள் எதற்கு என்பதற்கும் பதில் வைத்திருந்தார். தகரக் கூரைக்கு. மழையில் ஊறிய கரி சீக்கிரம் பற்றாது. தகரம் யார் வீட்டுத் தொழுவத்திலோ கிடக்கும்.

அவர் எழுதியதை ஊரில் யாரும் படிக்கவில்லை. அதை அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் ஊர் தொடர்ந்து மண்டபம் என்று சொன்னது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஸ்டேஷன் வாசலில் டீக்கடை வைத்திருந்த முகம்மது மைதீன், "மண்டபத்துக்கு எதுத்தாப்புல நம்ம கடை" என்று யாருக்கோ போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தபோது, பாதியில் போனை வாங்கி, "கரிமேடைக்கு எதிரில், வடகிழக்கே பதினெட்டு மீட்டர்" என்று திருத்தினார்.

"அண்ணாச்சி, பால்காரன்தான் லைன்ல இருந்தான்" என்றார் மைதீன். "அவனும் பயந்து போனை வச்சிட்டான். இனி இன்னைக்கு ஒங்களுக்கும் பால் இல்லாத டீதான்."

கோகுல் என்று ஒரு பையன், பாண்டியர் காலத்து மண்டபம் என்று வீடியோ எடுத்துப் போட்டான். லட்சத்துச் சொச்சம் பேர் பார்த்தார்கள். அம்பலவாணன் அதன் அடியில் பதினோரு கருத்துகள் எழுதினார். பதிலுக்கு ஒருவர் கும்பிடுகிற கை படம் போட்டார். அவரை இன்னார் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் அலைந்தார். கல் ஆயிரம் வருஷம் பழசு என்று சொன்னால் கும்பிடுகிறவர்கள், எண்பது தொண்ணூறு வருஷம் என்றால் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று முத்துமீனாளைக் கேட்டார். "எனக்கு அறுவத்திமூணு, என்னையத்தான் யாரு திரும்பிப் பாக்கா?" என்றாள் அவள்.

இப்படி நாலு வருஷம். அப்புறம்தான் அந்த இடத்தில் வண்டி நிறுத்துமிடம் வரப்போகிறது என்று செய்தி வந்தது. மேடையை இடித்துவிட்டுத் தரை சமன் செய்வார்கள்.

அம்பலவாணன் மனுப் போட்டார். மேடையை இடிக்கக் கூடாது, அது ரயில் வரலாற்றின் கட்டுமானம் என்று நாலு பக்கத்தையும் இணைத்தார். பதில் வந்தது. குறிப்பிடப்பட்ட இடத்தில் நிலக்கரி மேடை என்று எந்தக் கட்டுமானமும் பதிவேட்டில் இல்லை, இல்லாத கட்டுமானத்தைப் பாதுகாப்பது குறித்த கேள்வி எழவில்லை. இரண்டு வரிப் பதில். அவர் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அரைநாள் வீட்டுக்குள் நடந்தார். முத்துமீனாள் வழி விட்டு வழி விட்டுக் கடைசியில் அடுப்படியிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுவாரம் ராஜதுரை வந்தார். தறிக்கூடம் வைத்திருப்பவர். எட்டுக்கால் மண்டப மீட்புக் குழு என்று ஒன்றை ஆரம்பித்து அதற்குத் தலைவராகவும் இருந்தார். மனிதர் நல்லவர், குரல்தான் தறிச் சத்தத்தோடு பேசிப் பழகியது. உட்காரும் முன்பே ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தார்.

"அண்ணாச்சி, மண்டபம் பொழச்சிட்டு. தாலுகா ஆபீஸ்ல டவுன் சர்வே படத்துக்கு நகல் வாங்கிட்டேன். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தி போட்ட படம். பாருங்க, என்ன எழுதியிருக்குன்னு."

படத்தில் ஒரு நீள்சதுரம் வரைந்து, பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தது: மண்டபம், எட்டுக் கால்.

"எவன் போட்ட படம்னு கீழ பாத்தேன்" என்றார் ராஜதுரை. "நீங்க போட்ட கையெழுத்துதான் அண்ணாச்சி. நாலு வருஷமா ஊரையே திருத்திக்கிட்டுத் திரியுதிய. எங்களுக்கு முன்னாடி மண்டபம்னு சொன்ன ஆளே நீங்கதான்."

முத்துமீனாள் காப்பித் தம்ளரோடு நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஆச்சரியம் இல்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இவருக்குத் தெரியும். வேட்டி கறுத்த அன்றைக்கே தெரியும். பொய் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ராஜதுரை சொன்னதன் சுருக்கம் இது. வியாழக்கிழமை தாசில்தார் நேரில் வந்து பார்க்கிறார். படம் போட்ட சர்வேயர் உயிரோடு இருப்பதால் அவரிடம் ஒரு வாக்குமூலம் வாங்குவார். 'நான் எழுதியது சரி' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். வழிபாட்டுக்குரிய பழைய மண்டபம் என்று ஆகிவிடும், வண்டி நிறுத்துமிடத்தை மேற்கே தள்ளிவிடுவார்கள். சரியில்லை என்று எழுதினால் அது வெறும் கல். இடிக்க ஒரு நாள் வேலை.

"நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம் அண்ணாச்சி. ஏற்கெனவே எழுதினதுதான" என்று சொல்லிக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் முத்துமீனாள் நகலைக் கையில் எடுத்தாள்.

"அளக்காம ஒரு அடி எடுத்து வைக்காத மனுஷன், இதை மட்டும் எப்படி எழுதினிய?"

அம்பலவாணன் நகலை அவளிடமிருந்து வாங்கி மேஜையில் வைத்தார். பிறகு, சாட்சிக் கூண்டில் நிற்பவர் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். சித்திரை மாதம். பகல் ஒன்றரை மணி. காலையிலிருந்து அளந்து ரயில்வே எல்லைக்கு வந்து சேர்ந்தபோது கண் இருட்டியது. பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு வேப்பமரம். அதன் அடியில் உட்கார்ந்துகொண்டார். செயின்மேன் பொன்னுச்சாமி மட்டும் அளவுச் சங்கிலியை இழுத்துக்கொண்டு மேடைக்குப் போனான்.

"அவன் அங்கன இருந்து சத்தம் போட்டான். 'கரி கொட்டுத மேடை, சார்'னான். காதுல நல்லாவே விழுந்துச்சு. நான் இங்கன இருந்து பாத்தேன். எட்டுத் தூணு. 'ஏலே, தூணு நட்டு எவனாவது கரி கொட்டுவானா, மண்டபம்லே அது'ன்னு சொல்லி எழுதிட்டேன்."

"போயிப் பாக்கல."

"முப்பத்தாறு மீட்டர்" என்றார். "போகல."

செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்கூட்டரை எடுத்தார். முத்துமீனாளும் ஏறிக்கொண்டாள். எங்கே என்று அவள் கேட்கவில்லை. பொன்னுச்சாமி ராயகிரிப் பக்கம் மகன் வீட்டில் இருந்தார். பத்தொன்பது வருஷம் இருவரும் ஒன்றாக வெயிலில் நடந்தவர்கள். அம்பலவாணன் அந்த வீட்டு வாசலை மிதிப்பது அதுதான் முதல் தடவை. பொன்னுச்சாமி ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து, இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்தார். அதில் முத்துமீனாள் உட்கார, ஆண்கள் இருவரும் நின்றார்கள்.

"அன்னைக்கு மேடையைக் கரி கொட்டுத மேடைன்னு சொன்னியே. எப்படித் தெரியும்?" என்றார் அம்பலவாணன். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

பொன்னுச்சாமிக்கு எந்த மேடை, எந்த நாள் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. அதை முத்துமீனாள் கவனித்தாள்.

"எங்கம்மை அங்கதான சார் கூடை சொமந்தா. பூமாரின்னா ஸ்டேஷன்ல எல்லாருக்கும் தெரியும். நான் அந்தத் தூணுல கட்டுன தொட்டில்ல கெடந்தவன். மூணாவது தூணு. எஞ்சின் வந்து நின்னா இருவது நிமிசத்துக்குள்ள அம்பது கூடை கவுக்கணும். அவளுக்கு உச்சந்தலையில முடியே கெடையாது. துப்புனா கறுப்பாத்தான் துப்புவா, வேலையை விட்டு வருசங் கழிச்சும்."

"அப்ப ஏன் நீ மறுபடி சொல்லல? இவரு மண்டபம்னு எழுதும்போது?" என்றாள் முத்துமீனாள்.

பொன்னுச்சாமி சிரித்தார். "நல்லா கேட்டிய, அம்மா. சர்வேயர் எழுதிட்டா எழுதினதுதான. நான் சங்கிலி புடிக்கிறவன். படத்துல எம்பேரா வரப்போவுது?"

அம்பலவாணன் வியாழக்கிழமை விஷயத்தைச் சொன்னார். ஒரு வரியில் நிற்கும், ஒரு வரியில் விழும் என்றார். என்ன எழுதட்டும் என்று கேட்டார். அவர் யாரிடமும் இப்படிக் கேட்டு முத்துமீனாள் பார்த்ததில்லை.

"இதை எங்கிட்டயா கேக்குதிய?" பொன்னுச்சாமி ஆட்டின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். "மண்டபம்னா நிக்கும்னா மண்டபம்னே நிக்கட்டும் சார். தபசுக்கு வாரவன் ஒதுங்கவாது ஆவும். எங்கம்மை செத்து இருவத்தஞ்சு வருசம் ஆச்சு. அவ என்ன, வந்து படிக்கவா போறா?"

திரும்பி வரும்போது முத்துமீனாளுக்கு மனசு லேசாக இருந்தது. கேட்க வேண்டியவரிடம் கேட்டாயிற்று, அவரே விட்டுக்கொடுத்துவிட்டார். இனி இவருக்கு என்ன தடை? மேடை நிற்கும். நாலு பக்கத்தையும் வைத்துக்கொண்டு வருகிறவன் போகிறவனிடம் சண்டை போடலாம். இந்த ஆயுசுக்குப் போதும்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மேடையைப் பார்த்தவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. ராஜதுரையின் ஆட்கள் எட்டுத் தூண்களையும் கழுவி, விபூதிப் பட்டை போட்டு, குங்குமம் வைத்திருந்தார்கள். மூன்றாவது தூணில் பெரிய மாலை. கோகுல் போனைத் தூக்கிப் பிடித்து மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தான். தாசில்தார் வேல்விழி ஜீப்பிலிருந்து இறங்கி நேராக நிழலுக்குப் போனார். அந்த வேப்பமரம் இன்னும் நின்றது. ராஜதுரையும் மற்றவர்களும் அவரோடு அதன் அடியில் போய் நின்றார்கள். முத்துமீனாளும் நின்றாள். அம்பலவாணன் மட்டும் வரவில்லை. மேடையருகே வெயிலிலேயே நின்றார். கொஞ்சம் தள்ளி, வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லாத பொன்னுச்சாமி நின்றார்.

"சார், இங்க வாங்க. தலை வெடிச்சிரும்" என்றார் தாசில்தார்.

"இருக்கட்டும்மா. இங்கன இருந்தே எழுதுதேன்."

சட்டைப் பையில் நாலு பக்கமும் மடித்து வைத்திருந்தார். அதை எடுக்கவில்லை. தாசில்தார் கொடுத்தனுப்பிய வெள்ளைத் தாளை மேடை விளிம்பில் வைத்தார். கூடைகள் உரசி உரசி வழவழவென்று தேய்ந்த கல் அது. நின்றபடியே எழுதினார். எழுதி முடித்துத் தாளை அவரே கொண்டுவந்து கொடுத்தார். தாசில்தார் படித்தார். பிறகு வாய்விட்டு இன்னொரு தடவை படித்தார்.

"'படத்தில் மண்டபம் என்று நான் எழுதியது பிழை. நேரில் சென்று பாராமல் எழுதினேன். இது நீராவி எஞ்சினுக்கு நிலக்கரி ஏற்றிய மேடை. உடன் வந்த செயின்மேன் பொன்னுச்சாமி அன்றைக்கே சரியாகச் சொன்னார்.'"

மைதீன் கடையில் ஆற்றுகிற டீயின் சத்தம் கேட்டது.

"நாலு வருஷம்" என்றார் ராஜதுரை. அவர் குரல் முதல் தடவையாகத் தணிந்திருந்தது. "நாலு வருஷம் இதுக்காக நாயா அலைஞ்சவரு நீங்க. இப்ப ஒங்க கையாலயே கடப்பாரையை எடுத்துக் குடுக்குதியளே அண்ணாச்சி. எதுக்கு?"

"சார், இப்படி எழுதினா இடிச்சிருவாங்க. தெரியும்ல?" என்றார் தாசில்தார்.

"தெரியும்."

"சரி. கையெழுத்துப் போடுங்க."

அம்பலவாணன் தாளை வாங்கித் திரும்ப மேடைக்குப் போனார். எழுதியதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு, தாளின் அடியில் தன் கையெழுத்தைப் போட்டார். பிறகு பேனாவைப் பொன்னுச்சாமியிடம் நீட்டினார்.

"மேல நீரு போடும்."

அவர் பொன்னுச்சாமியிடம் ஏலே, நீ என்பதற்கு மேல் பேசி முத்துமீனாள் கேட்டதில்லை. பொன்னுச்சாமி பேனாவை வாங்காமல் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். சர்வேயரின் பெயர் கீழே, செயின்மேனின் பெயர் மேலே என்று இருக்கும் ஒரு காகிதம் அந்த அலுவலகத்தில் வேறு இருக்காது.

பதினோராம் நாள் இடித்தார்கள். கல் கெட்டியாக இருந்ததால் ஒரு நாள் வேலை இரண்டு நாளானது. இப்போது அங்கே மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. மைதீன் இன்னமும் மண்டபத்துக்கு எதிர்க் கடை என்றுதான் சொல்லுகிறார். அம்பலவாணன் அவரைத் திருத்துவதில்லை.

முத்துமீனாள் மூன்று தடவை கேட்டாள். பொன்னுச்சாமியே விட்டுவிட்ட பிறகு ஏன் எழுதினிய என்று ஒருமுறை. மேலே ஏன் அவர் பெயர் என்று ஒருமுறை. மூன்றாவது தடவை வெறுமனே ஏன் என்று மட்டும் கேட்டாள். அது சாயங்காலம், மேற்கே மலைப் பக்கம் மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. அம்பலவாணன் அண்ணாந்து பார்த்தார்.

"மாடியில துணி காயுது" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.